பொட்டுக்குப் பின்னால் இரண்டு ஒயர்

“வாரியா, வரலையா? ஒத்தச் சொல்லுல சொல்லு மாப்ள” என்று போனில் கேட்டார் அழகுராஜா.

“வாரேன்ணே” என்றான் தமிழ்மாறன்.

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கு உறைத்தது. மாசி மாதத்திலிருந்து அவன் யாருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கல்யாணம், காதுகுத்து, பக்கத்து வீட்டுப் பால்காய்ச்சு, எதற்குக் கூப்பிட்டாலும் “பாக்கலாம்” என்பான். கூப்பிட்டவர்களுக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

அழகுராஜாவும் ‘பாக்கலாம்’ என்ற பதிலைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“எந்த வண்டியில வாரே?”

“அவ வண்டியிலதான்.”

“லைட்டு?”

தமிழ்மாறன் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“பாரு மாப்ள, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதேன். வண்டியோட சேத்துப் பூட்டுன லைட்டு, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரப்பர் போட்டுக் கட்டுன டார்ச்சு கீர்ச்சுன்னு தூக்கிட்டு வந்தே, ஒத்தக்கடையிலயே வேன்ல ஏத்திருவேன். ஒம் பொண்டாட்டியவே ஏத்துனவன் நான்.”

“தெரியும்ணே. வேன ஓட்டுனதே நான்தான்” என்றான் தமிழ்மாறன்.

அழகுராஜா திருநகரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ‘வைகைச் சக்கரம்’ என்று ஒரு சைக்கிள் கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். கார்த்திகைத் தீபம் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வாசலில் கூடுவார்கள். ஒத்தக்கடை தாண்டி, வயல்களுக்கு நடுவே ஓட்டி, சூரியன் எழும்போது திருவாதவூரில் இருப்பார்கள். வருஷா வருஷம் நடப்பது.

திருவாதவூர் அவன் மனைவி சத்யப்ரியா பிறந்த ஊர். போன வருஷம் அவளும் கிளம்பினாள். தமிழ்மாறனுக்குச் சைக்கிளில் ஆர்வமில்லை. தண்ணீர் கேன் ஏற்றிய வேனை ஓட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் வந்தான். ஒத்தக்கடையில் ஒரு பள்ளத்தில் அவள் வண்டி இறங்கி ஏறியது. ஹேண்டில் பாரில் கட்டியிருந்த டார்ச் துள்ளி நடுரோட்டில் விழுந்தது. எதிரே வந்த லாரி அதன்மேல் ஏறிப் போனது. அவள் அதற்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அழகுராஜா வேனைக் கைகாட்டினார்.

கேன்களுக்கு நடுவே வண்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தபடி, ஜன்னலில் தலையை நீட்டி, தன்னை முந்திப் போகிற ஒவ்வொருவரையும் பார்த்து அவள் கத்தினாள்: “அடுத்த வருசம் எல்லாரும் எம் பின்னாடித்தேன் வாரீங்க!” தமிழ்மாறன் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துச் சிரித்தான்.

மாசியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட இழுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஆபீஸ் போனான், வந்தான். கட்டட பிளான் போடுகிற வேலை. கோடு நேராக விழுந்தது. கணக்கு தப்பவில்லை. எதிரில் வைத்ததைச் சாப்பிட்டான். அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பற்றித் தெருமுனை வரை பேசிக்கொண்டு போனார்கள்.

வண்டி மாடிப்படிக்கு அடியில் நின்றது. மலையேறுவதற்கென்று செய்த மின்சார சைக்கிள். அகலமான டயர், நடுவில் பெடல்களுக்கு இடையே மோட்டார், சட்டத்துக்கு உள்ளேயே பேட்டரி. சத்யப்ரியாவின் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அவள் வாங்கியது. “மதுரையில எந்த மலைக்கு ஏறப் போற?” என்று கேட்டவர்களிடம், “ஒத்தக்கடை ஆனமலை என்ன கடலுக்குள்ளயா கெடக்கு?” என்பாள். பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தமிழ்மாறன் அவ்வப்போது சார்ஜ் மட்டும் போட்டு வைத்தான். கழுவவில்லை. ஒருவரையும் கழுவ விடவுமில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஹேண்டில் பாருக்குக் கீழே, வண்டியின் நெற்றி மாதிரியான இடத்தில், ஒரு ரூபாய் அகலத்தில் கறுப்பு ரப்பர் வட்டம் ஒன்று உண்டு. போன ஆயுத பூஜைக்குச் சத்யப்ரியா வண்டியைக் கழுவித் துடைத்து, மோதிர விரலால் சந்தனத்தைக் குழைத்து அந்த வட்டத்தில் அப்பினாள். அதன் நடுவே குங்குமம் வைத்தாள். “பாருங்க, வெள்ளக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு. பொட்டு வைக்கன்னே எடம் விட்டு அனுப்பிச்சிருக்கான்” என்றாள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தால் பழைய பொட்டைக் கழுவிவிட்டுப் புதுசு வைப்பார்கள். இந்த வருஷம் துக்க வீடு. பண்டிகை கிடையாது, பூஜை கிடையாது. அதனால் போன வருஷப் பொட்டு அப்படியே இருந்தது. காய்ந்து, வெடித்து, ஓரம் உதிர்ந்து. உற்றுப் பார்த்தால் சந்தனத்தில் அவள் விரல் ரேகை தெரியும். அவன் உற்றுப் பார்ப்பதில்லை. அது அங்கே இருந்தால் போதும்.

சனிக்கிழமை காலை யூனுஸ் வந்தான். கல்லூரியில் தமிழ்மாறனோடு ஒரே விடுதி அறையில் இருந்தவன். இவன் சிவில் படித்தான், அவன் எலக்ட்ரிக்கல். தெற்குவாசலில் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிற கடை வைத்திருக்கிறான். ஒரு பையைத் தரையில் வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தான்.

“விசயம் சிம்பிள் மாப்ள. உள்ள இம்புட்டு பெரிய பேட்டரி கெடக்கு. அதுலருந்து ரெண்டு ஒயர இழுத்து, நடுவுல கன்வர்ட்டரப் போட்டு, முன்னாடி கொண்டாந்தா முடிஞ்சுச்சு. சட்டத்துல ஒரே ஒரு ஓட்டதேன் போடணும்” என்று பையிலிருந்து டிரில் மெஷினை எடுத்தான்.

“ஓட்டை வேண்டாம்.”

“அப்ப லைட்டு வானத்துலருந்து வருமா?”

“ஓட்டை வேண்டாம்டா.”

கேட்டைத் திறந்துகொண்டு பாண்டிமீனா உள்ளே வந்தாள். சத்யப்ரியாவின் தங்கை. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. சனிக்கிழமைதோறும் தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, போன வாரக் குழம்பு மிச்சமிருக்கிறதா என்று பார்த்துத் திட்டிவிட்டுப் போவாள்.

“என்ன மச்சான், நெசமாவே போறீங்களா? அழகுராஜாண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. தண்ணி வேன நான் ஓட்டுறேன்னு சொல்லிட்டேன்.”

“உனக்கு வேன் ஓட்ட வருமா?”

“ஒங்களுக்குச் சைக்கிள் ஓட்ட வருமா?”

யூனுஸ் சிரித்தான். தமிழ்மாறன் வண்டியின் பட்டனை அழுத்தினான். ஹேண்டில் பாரில் இருந்த சிறிய ஸ்கிரீன் விழித்துக்கொண்டது. கூட்டல் குறி போட்ட பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தான். வைத்தவன் எடுக்க மறந்துவிட்டான். இந்த ஒன்பது மாதமாக அவனுக்கு அப்படித்தான் ஆகிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் குடம் வழிகிற வரை நிற்பான்.

ஸ்கிரீனின் மூலையில் ஒரு சின்னப் படம் முளைத்தது. விளக்குப் படம். முன்பக்கம் கோடு கோடாக வெளிச்சம்.

விரலை எடுத்தான். படம் இருந்தது. மறுபடி அழுத்திப் பிடித்தான். படம் போனது. பிடித்தான். வந்தது.

மீனா எட்டிப் பார்த்தாள். “லைட்டே இல்லாத வண்டிக்கு லைட்டு சுவிச்சு எதுக்கு மச்சான்?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யூனுஸ் டிரில் மெஷினைப் பையில் திரும்ப வைத்தான்.

பழைய போர்வையை விரித்து வண்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். உருளாமல் இருக்க மீனா முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மோட்டாரின் மூடியைத் தமிழ்மாறன்தான் கழற்றினான். திருகுகள் நட்சத்திர வடிவம். யூனுஸிடம் அதற்கேற்ற முனை இருந்தது. மூடி வந்ததும் சேறும் ஒரு காய்ந்த நெல் உமியும் கொட்டின. உள்ளே தடித்த கேபிள்களுக்கு ஓரமாக, யாரும் தொடாத மாதிரி, மெல்லிய ஒயர்கள் இரண்டு ஜோடி மோட்டாரிலிருந்து கிளம்பின.

“மாப்ள…” என்றான் யூனுஸ். குரல் இறங்கியிருந்தது. “செஞ்சவன் எல்லாத்தையும் இழுத்து வச்சுட்டுத்தேன்டா அனுப்பியிருக்கான்.”

ஒரு ஜோடி பின்பக்கம் போனது. விரலால் அதன் போக்கைத் தடவிக்கொண்டே போன தமிழ்மாறன், பின்சக்கரத்துக்கு அருகே சட்டத்தின் அடியில் ஒரு சிறிய ரப்பர் மூடியைக் கண்டான். நெம்பினால் வந்துவிட்டது. உள்ளே டேப் சுற்றிச் சுருட்டிய ஒயர். பின் விளக்குக்கு வழி கிடைத்தது. யூனுஸ் தொடையில் தட்டிக்கொண்டான்.

மற்ற ஜோடி முன்பக்கம் போனது. பேட்டரி இருக்கிற தடித்த குழாய்க்குள் நுழைந்தது. அதற்கப்புறம் காணோம். சட்டத்தின் முன்புறம் முழுக்கத் தேடினார்கள். பிரேக் கேபிள் நுழைகிற துளையில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இல்லை.

“உள்ளயே முடிஞ்சிருக்குமோ?” என்றான் யூனுஸ். “மெல்ல இழுத்துப் பாரு. லூசா வந்தா முனை உள்ள கெடக்குன்னு அர்த்தம்.”

தமிழ்மாறன் மோட்டார்ப் பக்கம் ஒயரைப் பிடித்து மெல்ல இழுத்தான். கொஞ்சம் வந்தது. பிறகு எதிலோ மாட்டின மாதிரி நின்றது. விட்டான். இழுத்தான்.

“மச்சான்!”

மீனா சக்கரத்தை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்திருந்தாள்.

“அக்கா வச்ச பொட்டு அசையுது.”

“ஏம்மா, பட்டப்பகல்ல பயமுறுத்துற?” என்றான் யூனுஸ்.

“சத்தியமாண்ணே! உள்ள போயிட்டு வந்துச்சு. இழுங்க மச்சான். இன்னொருக்க இழுங்க.”

இந்தத் தடவை தமிழ்மாறன் பொட்டைப் பார்த்துக்கொண்டே இழுத்தான். கறுப்பு வட்டம் நடுவில் லேசாகக் குழிந்தது. காய்ந்த சந்தனத்தில் குறுக்கே ஒரு புது வெடிப்பு ஓடியது. ஒரு துணுக்கு உதிர்ந்து போர்வையில் விழுந்தது.

அவன் ஒயரை விட்டுவிட்டான்.

பொட்டு வைக்க விட்ட இடமில்லை அது. மூடி. வெள்ளைக்காரன் விளக்கு ஒயரைச் சுருட்டி, தொலைந்துவிடாமல் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டி, அடைத்து அனுப்பியிருக்கிறான். சத்யப்ரியா அதன்மேல் சந்தனம் அப்பியிருக்கிறாள். டார்ச்சை ரப்பர் போட்டுக் கட்டிய கைக்கு நாலு விரற்கடை கீழே, போன வருஷம் முழுக்க, அவளுக்கு வேண்டிய ஒயர் அவள் வைத்த பொட்டுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

தெருவில் பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது.

யூனுஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். “வேணாம்னா விட்ரு மாப்ள. நான் அழகுராஜாண்ணன்ட்ட பேசுறேன். டார்ச்ச ஸ்குரு போட்டு முறுக்கித் தர்றேன், அசையாது.”

தமிழ்மாறன் மூடியைப் பார்த்தபடி இருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் போர்வையில் விழுந்த துணுக்கைத் தேடி எடுத்தது.

“நீங்க எடுக்கலன்னா நான் எடுப்பேன்” என்றாள் மீனா. “எங்கக்கா வச்சது. எனக்கும் பாத்தியத இருக்கு.”

“மீனா, சும்மா இரு” என்றான் யூனுஸ்.

“இல்லண்ணே. இவரு இத வச்சுக் கும்பிட்டுக்கிட்டே இருக்கட்டும், அவ வேனுக்குள்ளயே உக்காந்திருக்கட்டும்!” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அன்னைக்கு ரோட்டுல போனவன் வந்தவன எல்லாம் பாத்துக் கத்துனாளே, பொட்டுக்காகவா மச்சான் கத்துனா? லைட்டுக்காக.”

தமிழ்மாறன் கட்டைவிரல் நகத்தை ரப்பரின் ஓரத்தில் கொடுத்தான். இடது உள்ளங்கையைக் கீழே ஏந்திக்கொண்டு நெம்பினான்.

சந்தனம் நாலைந்து சில்லாக உடைந்து உள்ளங்கையில் விழுந்தது. மூடி கழன்று வந்தது. அதன் பின்னால், பாம்புக்குட்டி மாதிரி, சுருட்டிய ஒயரும் வந்தது. தமிழ்மாறன் மூடியைத் திருப்பிப் பார்த்தான். சந்தனம்தான் போயிருந்தது. குங்குமம் ரப்பரில் ஊறி நடுவில் சிவப்பாக நின்றது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். போகவில்லை.

உள்ளங்கையில் இருந்ததைச் சட்டைப் பையில் தட்டிக்கொண்டான்.

“மல்டிமீட்டர எடுடா” என்றான்.

யூனுஸ் துள்ளி எழுந்தான். ஒயர் முனையை அறுத்துத் தோலுரித்து மீட்டரை வைத்தார்கள். மீனா ஸ்கிரீனைப் பார்த்து விளக்குப் படத்தை வரவழைத்தாள். மீட்டரில் பன்னிரண்டு காட்டியது. படத்தை அணைத்தாள். பூஜ்யம். “கன்வர்ட்டரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!” என்று யூனுஸ் மீட்டருக்கு முத்தம் கொடுத்தான்.

கொடுத்த கையோடு பையிலிருந்து ஒரு விளக்கை எடுத்தான். புல்லட்டுக்கு மாட்டுகிற பனி விளக்கு. ஒரு சொம்பு அளவு இருந்தது.

“இது ரொம்ப இழுக்கும்டா. இம்புட்டு மெல்லிசு ஒயரு” என்றான் தமிழ்மாறன்.

“போட்டாத்தேன மாப்ள தெரியும்?”

போட்டதும் தெரிந்தது. கண் சிமிட்டுகிற நேரம் எரிந்தது. ஸ்கிரீனில் என்னவோ சிவப்பாக எழுத்து ஓடியது. பிறகு வண்டியே அணைந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் பதிலில்லை. யூனுஸின் முகம் வெளுத்தது. “யா அல்லாஹ், கொன்னுட்டேனா?”

தமிழ்மாறன் பனி விளக்கைப் பிரித்தான். பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மீனா சாமி பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்தாள், அழகர் முதல் பாண்டிமுனி வரை. ஒருவரையும் விடவில்லை. பேட்டரியைத் திரும்ப மாட்டி அழுத்தினான். ஸ்கிரீன் ஒன்றும் நடக்காதது போல் விழித்தது.

“ஒன்ன விட இந்த வண்டிக்குப் புத்தி அதிகம்டா” என்றான் தமிழ்மாறன். “தாங்காதுன்னு தானே நிறுத்திக்கிச்சு.”

யூனுஸ் தன் கடைக்கு ஓடினான். மீனா கொண்டுவந்த குழம்பு ஆறுவதற்குள் திரும்பி வந்தான். மொபெட்டுக்குப் போடுகிற, எலுமிச்சம்பழம் அளவு எல்இடி ஒன்று. பின்னால் வைக்கச் சிவப்பு விளக்கு ஒன்று. தமிழ்மாறன் பிளேடை எடுத்து மூடியின் சரியான நடுவில், குங்குமத்துக்குள்ளேயே, ஒரு சின்னத் துளை போட்டான். ஒயரை அதன் வழியே கோத்து, மூடியைப் பழைய இடத்திலேயே அழுத்தினான். விளக்கை ஹேண்டில் பாருக்குக் கீழே கிளாம்ப் வைத்து முறுக்கினான். முறுக்கிவிட்டு ஆட்டினான். ஆட்டிவிட்டு மறுபடி முறுக்கினான்.

வெயிலில் எரிந்தால் தெரியாது என்று வண்டியை மாடிப்படிக்கு அடியில் இருட்டில் நிறுத்தினார்கள். கட்டைவிரலை அழுத்திப் பிடித்தான்.

படிக்கட்டின் அடிப்பக்கம் முழுக்க வெளுத்தது. மூலையில் ஒட்டடை, அதைக் கட்டிய சிலந்தி, வீடு கட்டியபோது கொத்தனார் கரியில் எழுதிய கணக்கு, எல்லாம் தெரிந்தன. பின்சுவரில் சிவப்பு விழுந்தது. இந்தத் தடவை ஸ்கிரீன் ஒரு குறையும் சொல்லவில்லை.

மீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னாள்: “கார்த்திகைக்கு வீட்டுல வெளக்கு வைக்கக் கூடாதுன்னாக. வண்டியில வைக்கக் கூடாதுன்னு எவுகளும் சொல்லல.”

தமிழ்மாறனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம். அன்றைக்கு அவன் சோற்றை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மீனா யூனுஸைப் பார்த்தாள். யூனுஸ் ‘பேசாதே’ என்று கண்ணைக் காட்டினான்.

ஞாயிறு, விடிவதற்கு முன். பூ மார்க்கெட் வாசலில் மல்லிகை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அழகுராஜா வண்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தார். தமிழ்மாறனின் விளக்கைப் பிடித்து ஆட்டினார். முஷ்டியால் குத்தினார். ஒயர் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தார்.

“என்ன மாப்ள, பொட்டுக்குள்ள இருந்து வருது?”

“கம்பெனி வச்ச இடம்ணே.”

அவர் நிமிர்ந்து, முன்னால் போகச் சொல்லிக் கைகாட்டினார். இந்த முறை வேனை அல்ல.

ஒத்தக்கடைப் பள்ளம் அப்படியே இருந்தது. ஒரு வருஷத்தில் ஒருவரும் அதை மூடவில்லை. மற்றவர்கள் ஒதுங்கி ஓட்டினார்கள். தமிழ்மாறன் ஒதுங்கவில்லை. நேராக விட்டான். முன்சக்கரம் இறங்கி அடித்து ஏறியது. பல்லோடு பல் இடித்தது. வெளிச்சம் ஒரு துள்ளல் துள்ளி, அதே இடத்தில் நின்றது. பின்னால் வேனிலிருந்து ஹாரன் விடாமல் அலறியது. பாண்டிமீனாவுக்கு வேன் ஓட்ட வந்தது.

திருவாதவூர் ரோட்டில் திரும்பியதும் தெருவிளக்குகள் முடிந்தன. இடது பக்கம் ஆனைமலை கறுப்பாகப் படுத்திருந்தது. வயல்களில் தவளைச் சத்தம். முன்னால் போன அழகுராஜா வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கினார்.

“முன்னாடி போ மாப்ள. எனக்கு வெளிச்சம் பத்தல.”

அவரிடம் இருந்தது நல்ல விளக்குதான். தமிழ்மாறன் ஒரு நிமிஷம் அவர் பக்கத்திலேயே மிதித்தான். பிறகு ஒரு பட்டனைத் தட்டி மோட்டாரின் வேகத்தைக் கூட்டினான்.

முன்னால் ஒருவரும் இல்லை. ரோடும் வெளிச்சமும் மட்டும். மைல்கல் வந்தது, போனது. ஒரு நாயின் கண்கள் பச்சையாக எரிந்து விலகின. நாற்று நட்ட வயலின் தண்ணீரில் விளக்கு கூடவே ஓடி வந்தது. அவன் நெஞ்சில் எதுவோ நெம்பிக்கொண்டு கழன்றது. வாயைத் திறந்தான். ஏதோ கத்த நினைத்தான் போல. வந்தது வேறு. முகம் முழுக்க நனைந்தது. காற்றில் உடனே காய்ந்தது. மறுபடி நனைந்தது. மிதிப்பதை அவன் நிறுத்தவில்லை.

பின்னாலிருந்து வேனின் சத்தமும், அதற்கு மேல் மீனாவின் குரலும் வந்தன: “எல்லாரும் எங்கக்கா பின்னாடித்தேன் வாரீங்க!”

திருவாதவூர் எல்லையில் நுழைந்தபோது வெயில் வந்துவிட்டது. டீக்கடை வாசலில் நின்ற ஒருவர் அவனைப் பார்த்து, விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டினார். பகலில் முகப்பு விளக்கோடு போகிற எந்த வண்டிக்காரனுக்கும் நம் ஊரில் யாராவது அப்படிக் காட்டாமல் விடுவதில்லை. லைட்டு எரியுது என்று அர்த்தம். பால்காரர் காட்டினார். களையெடுக்கப் போகிற பெண்கள் காட்டினார்கள். கோவில் முக்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இரண்டு கையாலும் காட்டினார்.

தமிழ்மாறன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டி, தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனான். அணைக்கவில்லை.